ஓர் ஊசிக்கு விற்ற கத்தல் பாட்டு

எங்கள் ரெக்கார்டு பிளேயரின் ஊசி முறிந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அலமாரியில் நாற்பத்தொரு இசைத்தட்டுகள் வாய் மூடிக் கிடந்தன. ஊசிக்காகச் சென்னை வரை போனேன். "இதெல்லாம் இப்ப எவன் சார் கேக்குறான்?" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மரக்காணத்தில் உப்பு வாருகிறவன் பாட்டுக் கேட்கக் கூடாதா என்ன?

இரண்டாயிரத்து ஐந்து கோடையில், புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். குயிலாப்பாளையத்தில் பல வருடமாகக் குடியிருப்பவர். தமிழ் தடையில்லாமல் வந்தது. என்னிடமிருந்த ஒரு சின்னத் தட்டைப் பற்றிச் சொன்னேன். பங்க் ராக் என்கிற கத்தல் பாட்டு. பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஜெராக்ஸ் எடுத்த அட்டையில் நான்கு பையன்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஊரைக் காலி செய்த கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர் கொடுத்த பெட்டியில் வந்தது. ஊசி முறிவதற்கு முன்பெல்லாம், விருந்தாளிகள் கிளம்ப மறந்துவிட்டால் அதைத்தான் போடுவேன். இரண்டே நிமிடத்தில் செருப்பைத் தேடுவார்கள்.

அவர் முகமே மாறிவிட்டது. அவருடைய ஊர்ப் பையன்கள் போட்ட தட்டாம். அவர்களில் ஒருவன் கூடப் படித்தவனாம்.

"எவ்ளோ வேணும்?"

"பணம் வேணாங்க. என் பிளேயருக்கு ஊசி வேணும்."

மாடலைக் கேட்டார். தன்னிடம் பொருந்தும் ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் பாட்டைக் கேட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார்.

விற்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டுமே. மோட்டார் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தட்டைக் கழுவினேன். ஊசி வரப்போகிற குஷியில் மற்ற நாற்பதையும் கழுவிக் காயவைத்தேன். "என் புடவை ஒண்ணையாவது இப்படித் துவைச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் குயிலாப்பாளையத்தில் அவர் தட்டைச் சுழலவிட்டார். படபடவென்று ஒரே பொரிச்சல். பையன்களின் கத்தலே அதில் அமுங்கிப்போனது. அவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"இன்னாபா இது, உப்பு கரிக்குது?"

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, டம்ளரெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதிலேயே வளர்ந்தவனுக்கு அது உறைக்கவில்லை. ஊசி போச்சு என்று நினைத்தேன். அவரோ பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் கேனை எடுத்துவந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி போட்டார். நான்கு பேரும் சுத்தமாகக் கத்தினார்கள். அவர் கண் கலங்கியது. அந்தக் கத்தலைக் கேட்டு அழுத ஒரே மனிதர் அவர்தான். ஊசியை என் கையில் வைத்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் வீட்டில் கழுவிவைத்த நாற்பதும் ஞாபகம் வந்தன. ஆனால் பொறுமை ஏது? வந்ததும் ஊசியை மாட்டி, எனக்குப் பிடித்த கிளாரினெட் தட்டைப் போட்டேன். படபடவென்று பொரிந்தது.

"ஐயோ, மழை" என்று சமையலறையிலிருந்த மனைவி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் உப்புப் பாத்திக்கு, குவித்துவைத்த உப்பை மூட ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துப் பாத்திக்காரர்களும் ஓடினார்கள். கொளுத்தும் வெயிலில் எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என் வீட்டைப் பார்த்தார்கள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவள் வாசலில் நின்றாள். பொரிச்சலுக்கு நடுவே கிளாரினெட் மெல்ல மேலெழுந்தது.

"கழுவிட்டுப் போடட்டுமா?" என்றேன்.

"நாளைக்குக் கழுவிக்கலாம். இப்ப பாடட்டும்" என்று தார்ப்பாயை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.