ராஜாமணி அக்கா வாங்கிய தட்டு

ராஜாமணி அக்கா இறந்ததைத்தான் சொல்கிறேன், அவரோடு பாடிய உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. வேப்பந்தட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். "நீ இன்னும் கெளம்பலையா? ஒங்க பாட்டுக்கார அக்கா விடியக்காலம் போயிட்டாங்களாமே" என்றாள் பூக்காரம்மா. முருகா! அத்தனை மேடையிலும் அக்கா பின்னால் நின்று பின்பாட்டுப் பாடியவள் நான். சாவு வீட்டுக்குக் கடைசி ஆளாகப் போனேன்.

திருவிழாவுக்குப் பாடக் கூப்பிடுகிறவர்கள் நம் பக்கம் எதையும் எழுதிக்கொள்வதில்லை. முழுத் தேங்காய் வைத்துத் தாம்பூலத் தட்டை நீட்டுவார்கள். அக்கா வாங்கினால் பேச்சு முடிந்தது. ஒருமுறை தொண்டை கட்டிப்போய்க் குரலே எழவில்லை. போக வேண்டாம் என்றேன். "வெத்தலை வாங்கியாச்சுடி, பாடித்தான் ஆவணும்" என்று வெந்நீரை விழுங்கி விழுங்கிப் பாடினார்.

அப்படிப்பட்டவர்மேல்தான் கேஸ் வந்தது. கச்சேரி ஏற்பாடு செய்யும் தங்கராசு ஒரு கிருத்திகையன்று செட்டிகுளம் மலைக்குப் போய்விட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். "முருகன் பேரச் சொல்லி வாங்கிக்குங்கக்கா" என்று தட்டை நீட்டினார். அக்கா கண்ணை மூடி வாங்கி, திருநீற்றை எனக்கும் பூசிவிட்டார். பிரசாதம் என்றுதான் நினைத்தோம். காபி குடிக்கும்போது, "பெரம்பலூர்ல நீங்க பாடணுங்க" என்றார். "பாடுனாப் போச்சு" என்றார் அக்கா. தேதிப் பேச்சே இல்லை.

பிறகு பெரம்பலூர்ச் சுவரெல்லாம் அக்கா பேர் போட்ட நோட்டீஸ்! அதே நாளில் செந்துறை மாரியம்மனுக்கு அக்கா ஏற்கெனவே தாம்பூலம் வாங்கியிருந்தார். செந்துறைக்குத்தான் போனார். தங்கராசு அரியலூர்க் கோர்ட்டுக்குப் போனார்.

"தட்டே வாங்கலைன்னு சொல்லிடுங்கம்மா, எழுத்துல ஒண்ணுமில்ல" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார்.

"எந்த வாயால சார் சொல்றது? அதே வாயாலதான சாமி பாட்டும் பாடணும்?"

கூண்டில் ஏறி, "வாங்கினேன், பிரசாதம்னு வாங்கினேன்" என்றார். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். "வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், துன்னூறு." சாட்சிக்குப் போன நானும் அதையேதான் சொன்னேன். தாம்பூலம் வாங்கியது சம்மதம்தான் என்று தீர்ப்பு ஆகிவிட்டது.

அரியலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "தோத்தது பெருசில்லடி. பேச்சு மாறுனவள்னு ஆயிடுச்சே."

அதன் பிறகு கூப்பிட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வந்தால்கூட அக்கா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "எதுக்குன்னு சொல்லிட்டுக் குடு சாமி" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அக்காவின் ஜால்ரா இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியும் என்னோடு இருக்கிறது. யார் எதை நீட்டினாலும் நானும் அப்படியே கேட்கிறேன்.

காலையில் கோயிலில் வாங்கிவந்த அர்ச்சனைத் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது: தங்கராசு நீட்டிய தட்டில் தேங்காயும் இருந்தது. முழுத் தேங்காய் இல்லை, சாமிக்கு உடைத்த மூடி. மறுநாள் நான்தான் அதைத் துருவிச் சட்னி அரைத்தேன்.