தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கரன்ட்

ரோட்டை வெட்டி, கேபிள் போட்டு, மூடிவிட்டு, ஊர் வசவு வாங்குவதுதான் என் தொழில். பள்ளத்தைச் சுற்றி வண்டி ஓட்டும் உங்களுக்கும், அதில் இறங்கி நிற்கும் எனக்கும் இடுப்புவலி ஒன்றுதான்.

கரன்ட்டுக்கு டிக்கெட்

திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சந்து. சாயந்திரமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். சந்து முனையில் ஸ்டெல்லா அக்காவின் மாவுக்கடை. கிரைண்டர் முனகிவிட்டு நின்றுவிடும்; பெரிய கிரைண்டரின் மோட்டார் எரிந்தே போனது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல கரன்ட் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது; அங்கிருந்து அடியில் புது கேபிள் வந்தால்தான் கடை பிழைக்கும். அதற்கு ரயில்வே அனுமதி வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"கரன்ட்டு தரைக்கு அடில தானே போவுது? இதுக்கு இன்னாத்துக்கு நைனா ரயில்காரனாண்ட கேக்கணும்?"

கொதிக்கும் தார்

ரயில்வே ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். எவ்வளவு ஆழம், என்ன குழாய், மேற்பார்வைக்கு யார் என்று துருவினார்கள். நியாயம்தான், மேலே ரயில் ஓடுகிறதே. ஆனால் அனுமதி வருவதற்குள் சந்துக்குப் புது ரோடு போட ஆட்கள் வந்துவிட்டார்கள். புது ரோட்டை லேசில் வெட்ட விடமாட்டார்கள், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி ரோடு மேஸ்திரியிடம் கெஞ்சினேன்.

"தார் கொதிச்சிகினு கீது சார். உன் பர்மிசன் வர்ற வரைக்கும் குந்திகினு ஊதிகினே இருக்கவா?"

அசையாத கல்

நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், ஸ்டெல்லா அக்கா ஆட்களை விட்டு எரிந்த கிரைண்டரின் கல்லை உருட்டிவந்தார். கேபிள் மேலே வரவேண்டிய இடமென்று கடை வாசலில் நான் சுண்ணாம்பில் குறி போட்டிருந்தேன். சரியாக அங்கேயே கிடத்தினார். ரிப்பேர்காரர் வரும்வரை இங்கேதான் கிடக்கும் என்றார். மேஸ்திரி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் கல்லைச் சுற்றித் தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரயில்வே அனுமதி வந்ததும், கல்லை நகர்த்திவிட்டு, தார் விழாத அந்தத் துண்டில்தான் பள்ளம் தோண்டினோம். புது கரன்ட் வந்த அன்று சாயந்திரம் கிரைண்டர் நிற்காமல் ஓடியது. அக்கா ஒரு பாக்கெட் மாவைக் கையில் திணித்துவிட்டு, வாசலில் மண்ணாய்க் கிடந்த அந்தத் துண்டைக் காட்டினார்.

"கரன்ட்டு வந்துச்சி, ரொம்ப சந்தோசம். இந்த ரோட்ட எப்ப நைனா போடுவே?"

வெட்டுவதற்கு ரயில்வே ஆபீஸ் படியேறிய நான், அந்த ஒரு துண்டு தாருக்காக இப்போது மாநகராட்சி ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறேன்.