தங்கை நடத்திய பெரட்டு

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில், மேசைமேல் கன்னத்தை வைத்து வாய் திறந்து தூங்கிய என் தங்கையின் முகம்தான், எங்கள் தமிழ்ப்பள்ளியை நினைத்தால் முதலில் வருகிறது. எழுபதுகளின் கடைசி. இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை என்பதால் அவள் குறட்டையை நானும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். ம்ஹூம்! கடைசியில் அம்மாவுக்கு வெறுத்துப்போய்விட்டது. "படிச்சது போதும்லா. வர்ற மாசம் ஆயாக் கொட்டகையில தொட்டில் ஆட்டட்டும்" என்றார். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாளும் தூங்கினாள்.

தானா ராத்தா பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் புதிய வாத்தியார் அப்போதுதான் சேர்ந்திருந்தார். தோட்டத்தில் விடியற்காலையில் வேலை வாங்கும் கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டை நாமும் வைப்போம் என்றவர், அதற்குக் கங்காணியாக யாரைப் போட்டார் தெரியுமா? அந்தத் தூங்குமூஞ்சியை! "லேட்டா வந்தா யாரா இருந்தாலும் திருப்பி அனுப்பிடு" என்று அதிகாரமும் கொடுத்தார். அவ்வளவுதான். மறுநாள் இருட்டிலேயே எழுந்து என் போர்வையை உருவினாள். தான் போகாவிட்டால் பள்ளிக்கூடமே தொடங்காது என்ற நினைப்பு அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டு வாத்தியாரே தாமதமாக வந்தார். தங்கை வாசலில் கையை நீட்டி மறித்தாள். "பெரட்டு முடிஞ்சிருச்சு சார். திரும்பிப் போங்க." பாவம் மனிதர், சொன்ன வாயால் மறுக்க முடியாமல் எதிர்க்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்துவிட்டார். பனி விலகியதும் மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தார். "உங்க மகதாம்மா அனுப்பிட்டா, நான் என்ன செய்ய?" என்றாராம் வாத்தியார். அம்மா ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்.

இன்றோடு இவள் படிப்பு முடிந்தது என்று நான் இடத்தைவிட்டு எழுந்துவிட்டேன். என்ன இருந்தாலும் என் தங்கை அல்லவா! அவளோ சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தானம்மா வேலைய விட்டு வந்த?"

அம்மா சொல்லாமல்தான் வந்திருந்தார். குச்சியைப் போட்டுவிட்டு வந்த வேகத்திலேயே மேடேறினார்.

இப்போது பிள்ளைகளுக்கு ஊக்கமூட்ட மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறார்கள். என் மகனை ஒருமுறை அழைத்துப்போனேன். அங்கே கொடுத்த கேக் மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது. பள்ளியில் தன்னை நம்பி ஒரு வேலை இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றவேண்டும் என்பதை அங்கே ஒருவரும் சொல்லக் காணோம். எங்கள் அம்மாவும் அப்படியெல்லாம் சொல்லத் தெரிந்தவர் இல்லை. வாத்தியார் திருப்பி அனுப்பப்பட்ட அன்று சாயங்காலம் கூடையை இறக்கிவைத்தவர், தங்கையின் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்:

"ஆயாக் கொட்டகைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்லா. இவள அங்க விட்டா, தொட்டில்ல கெடக்குற புள்ளைங்களயும் பெரட்டுக்கு நிக்க வச்சிருவா."