சைலன்சருக்குள் குளவி

வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது கிளம்ப வேண்டும். என் மனைவிக்கு வேண்டியிருந்ததும் ஒன்றுதான். இன்னொரு குழந்தை. அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குள் எதுவும் அசையவில்லை. எழுதும்போதாவது அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டரை வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. அதுவரைக்கும் சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் அவளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை ஒரு சுற்று போய்வர வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புதைத்துவிட்டு வந்த மறுநாள் வண்டியை மாட்டுக்கொட்டகையின் கடைசியில் சுவரோடு சேர்த்து நிறுத்தினேன். பதினான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆபீசில் கேட்டு மேசை வேலை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன். அழவில்லை. மனசு கல்லு என்று ஊரில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். கல்லாவது வெயிலில் சுடும். எனக்கு அதுவும் இல்லை.

நான் ஓவர்சியர். கண்மாயில் மடை உடைந்தாலும் கரை சரிந்தாலும் போய் நிற்க வேண்டியவன். அப்படிப்பட்டவனை எத்தனை நாள்தான் மேசையில் வைத்திருப்பார்கள்? மழைக்கு முன்னால் அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்து முடிக்க வேண்டும், திங்கட்கிழமையே கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் பஸ் போகாத ஊர்கள். வேறு வழியில்லாமல்தான் வண்டியைத் தொட்டேன்.

அது யுத்தத்தில் ஓடிய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு ஊரைக் காலி செய்துகொண்டு போன ஓர் அதிகாரியிடம், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதைக் கிளப்பிக் கொடுக்க என் மனைவியின் அண்ணன் திருவரங்குளத்திலிருந்து வந்திருந்தார். பஸ் டிரைவர். ஓட்டத் தெரிந்த அளவுக்குப் பிரிக்கவும் தெரியும், அதைவிட நன்றாகப் பேசத் தெரியும்.

"என்ன மாப்ள, வண்டியத் தள்ளிக்கிட்டு வாங்கன்னா எருக்குழியத் தள்ளிக்கிட்டு வாரீங்க?" என்றார். கோழி எச்சமும் வைக்கோலும் அப்பிக் கிடந்ததைப் பார்த்து எனக்கே அப்படித்தான் தோன்றியது.

முதலில் டேங்கைக் காலி செய்தோம். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாகப் பிசின். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையில் சைக்கிள் பிரேக் கம்பியின் ஒற்றை இழையை விட்டுக் குத்தி, மச்சான் வாயால் ஊதிப் பார்த்தார். ஊதிவிட்டுத் துப்பினார். பிளக்கை அடுப்பில் காட்டிக் கரியைச் சுரண்டி, இன்ஜின் மேல் சாய்த்து வைத்து மிதித்தோம். நீலமாகப் பொறி வந்தது. அப்பாடா என்று எல்லாவற்றையும் பூட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, கிக்கரை மிதித்தேன். ஒரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

மறுபடி மிதித்தேன். மறுபடி ஒரு இருமல். பத்தாவது மிதியில் கிக்கர் திருப்பி அடித்து என் கால் எலும்பு வீங்கியது. அறந்தாங்கி ரோடு வரை தள்ளிக்கொண்டே ஓடினோம். அப்போதும் இருமினது இருமினதுதான்.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டாக்கூட மூணு நாள்ல சரியாப் போயிரும் மாப்ள, இது சன்னியாசம் வாங்கிருச்சுபோல" என்று மச்சான் சிரித்தார். தங்கையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நானும் ஒப்புக்குச் சிரித்து வைத்தேன்.

திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும் என் மனைவி மோர் கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் வண்டியின் பின்பக்கமாகவே நின்றாள்.

"கெளம்பாதாண்ணே?" என்று அவரிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"கெளம்பாம எங்க போயிரும்?" என்றவர், என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்தே வரல மாப்ள. மூச்ச இழுக்குது, விட முடியல. இங்கிட்டுத்தான் என்னமோ அடைச்சிருக்கு. கம்பிய விட்டுக் குத்திப் பாருங்க. எனக்குப் பன்னெண்டு மணிக்கு டூட்டி, வாரேன்."

அவர் போன பிறகு மண்டியிட்டு சைலன்சருக்குள் பார்த்தேன். நாலு விரற்கடை உள்ளே செம்மண் பூச்சு. விரலால் தேய்த்து மெழுகியதுபோல் வழவழவென்று இருந்தது. அந்த நேரத்திலேயே ஒரு குளவி என் காதோரமாக வந்து வட்டமடித்தது.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒட்டடை அடிக்கிறவர்கள்கூட அதை விட்டுவிட்டுச் சுற்றித்தான் அடிப்பார்கள். அலமாரிக் கதவு இடுக்கில் கட்டிவிட்டால், அது பறக்கும் வரைக்கும் கதவைத் திறக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுந்து போய் ஒரு பழைய குடைக்கம்பியை எடுத்து வந்தேன்.

"அதுல கை வைக்காதீங்க" என்றாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தை மாசத்துலேருந்து தெரியும். வெறகு எடுக்கப் போகையில பாத்தேன். ரெண்டு வாட்டி கட்டிப் பறந்துருச்சு. இது மூணாவது."

"காலையிலேருந்து ரெண்டு பேரும் நாக்குத் தள்ள மிதிக்கிறோம், பாத்துக்கிட்டே இருந்தியா?"

"கெளம்பலேன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அது, அதுவும் ஒரு வண்டிக்காக.

"குளவி கட்டுனாப் புள்ள பொறந்துருமாக்கும்?" என்றேன்.

அவள் தலையைக் குனியவில்லை. "குளவி மட்டும் கட்டுனாப் போதுமா?" என்றாள்.

புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. குழந்தை இறந்த மாதமே நான் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். அவள் போகச் சொல்லவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி அவள் அன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது நடுப்பகலில், வாசலில் நின்றுகொண்டு, மானத்தை விட்டுக் கேட்கிறாள். கம்பியைக் கீழே போட்டிருக்கலாம். சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"பத்து நாளுங்க. பத்து நாள்ல அது பறந்துரும். அதுவரைக்கும் யார்கிட்டயாவது சைக்கிள் வாங்கிக்கிட்டுப் போங்களேன்" என்றாள்.

"நாளைக்கு டூட்டி" என்றேன்.

சொல்லிவிட்டுக் குத்தினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதோடு பச்சைப் புழுக்கள் ஏழெட்டு விழுந்தன. குளவி தன் குஞ்சுக்காகக் கொண்டுவந்து அடைத்து வைத்தவை. சாகாமலும் நகராமலும் கிடந்தன. இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்களுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. அதற்குக் குளவியைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. முன்னறையை விட்டு நான் எழுந்து போக இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று, அதற்குள் அவளுக்கு அந்த ஆசை விட்டுப் போயிருந்தது.

இரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து குப்பென்று கரும்புகையும் மிச்ச மண்ணும் வெளியே வந்தன. பிறகு சீராக ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஓடுது!" என்று கத்தினேன், கேட்பதற்கு வேறு யாரோ இருப்பதுபோல.

அவள் உள்ளே போய் முறத்தைக் கொண்டுவந்தாள். துடைப்பத்தைக் கொண்டுவரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்கட்டிகளையும் புழுக்களையும் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். கொண்டுபோய்ப் பூவரசு மரத்தடியில் கொட்டினாள். குளவி இரண்டு மூன்று தடவை சைலன்சர் வாய்வரைக்கும் வந்து புகை தாங்காமல் விலகிப் போனது. நான் வண்டியை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்ற பயம்.

கை கழுவிவிட்டு வந்து, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"காலையில எத்தன மணிக்குச் சோறு கட்டணும்?"

"ஆறு மணிக்கு" என்றேன்.