அவள் கீறிய அக்கரை

"ஓம் சேர்" என்ற ஒரு பொய்யைச் சொல்லித்தான் நான் சித்திர ரீச்சர் ஆனேன்.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த நாங்களும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த அவளுடைய குடும்பமும் புதுக்குடியிருப்பில் ஒரே வளவுக்குள் இரண்டு கொட்டில்களில் இருந்தோம். சிநேகிதிகளான அவளுக்கும் எனக்கும் இருபது வயது. பன்னிரண்டு கலர் பென்சில் உள்ள ஒரு பெட்டியை இருவரும் பொதுவில் வைத்திருந்தோம்.

நான் கீறினால் எல்லா மரமும் ஒரே பச்சை. தூரத்து மரத்தைச் சிறிதாகத்தான் கீறுவேன். ஆனாலும் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிவைத்தது போலவே இருக்கும். ஒருநாள் காலையில் அவள் என்னை நந்திக்கடல் நீரேரி ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கரை மரம் என்ன நிறம்?"

"பச்சை."

"மரம் பச்சையெண்டு உனக்குத் தெரியும், அதால சொல்லுறாய். கண்ணால பாரடி."

பார்த்தேன். அக்கரை மரங்கள் சாம்பல் கலந்த நீலமாக நின்றன. அவற்றுக்கும் பின்னால் இருந்தது மரமா வானமா என்று பிரிக்க முடியவில்லை.

"இடையில இருக்கிற காத்தையும் கீற வேணும்," என்றாள்.

அவளுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. தகப்பனோடு தோணியில் போய், கரையின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று சொல்லப் பழகியவள். கீறும்போது பென்சிலின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தாளில் பட்டும் படாமலும் நீலம் பூசுவாள். அதன்மேல் சாம்பல். பிறகு வெள்ளைப் பென்சிலால் தேய்த்து விளிம்புகளைக் கரைப்பாள். பச்சை நடுவில்தான் தொடங்கும். அழுத்தமும் கருமையும் முன்னால் நிற்கும் ஒரு பற்றைச் செடிக்கு மட்டும். ஒரு படத்துக்கு ஐந்தாறு நாள் எடுக்கும். நான் பக்கத்திலிருந்து பென்சில் சீவிக் கொடுப்பேன்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சித்திரம் படிப்பிக்க ஓர் ஆள் தேவை, கீறிய படங்களோடு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இருவரும் போவதாக இருந்தது. அந்தக் கிழமை அவளுக்கு மலேரியா. பாயிலிருந்து எழும்ப முடியவில்லை.

"என்ர படங்களையும் குடுத்துவிடு. காய்ச்சலெண்டு சொல்லு. பின்னால பேரை நீயே எழுது, எனக்குக் கை நடுங்குது."

நான் எழுதவில்லை. அங்கே போய் எழுதலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கல்வி அலுவலகம் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்தது. அதிகாரி சுருளை விரித்தார். மேலே இருந்தது அவளுடைய நந்திக்கடல். கதிரையை விட்டு எழும்பி, கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது நீர் கீறினதோ?"

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஓம் சேர்."

"பின்னால பேரை எழுதும்."

எழுதினேன்.

மற்றப் படங்களைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்னை எடுத்திட்டினம். உன்ர ஒரு படத்தை அங்கயே வைச்சிட்டினம்," என்றேன். காய்ச்சலோடு எழும்பி உட்கார்ந்து என் கையைப் பிடித்துச் சிரித்தாள். "ரெண்டு பேரில ஒராளுக்கெண்டாலும் கிடைச்சுதே," என்றாள். அவளுடைய கை கொதித்தது.

ஒரு மாதம் கழித்து, தங்கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம் வாங்க அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்து எங்கள் கொட்டில் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நல்ல சட்டம் போட்டு மாட்டியிருக்கினம். உன்ர பேரையும் வடிவா எழுதியிருக்கினம்."

"நான் போய்ச் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லு."

இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் வேறு கதை கதைத்துவிட்டு வந்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள் என்பது உண்மை. அவளுடைய வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை.

அடுத்த வருடம் அதிகாரி இன்னொரு படம் கேட்டார். அவள் செய்ததையெல்லாம் அப்படியே செய்தேன். நீலம், சாம்பல், வெள்ளை. அவர் அதைச் சுவரிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "முந்தினதில இருந்த காத்து இதில இல்லைப் பிள்ளை," என்றார். என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னை நிறுத்தினால் அந்த நேரத்தில் வேறு ஆள் தேட வேண்டும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அவளுடைய வீட்டார் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போயிருந்தார்கள். போகும்போது பென்சில் பெட்டியை அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு சந்தையில் அவளைக் கண்டேன். மீன் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள், மடியில் ஒரு குழந்தை. விலகிப் போக நினைத்தேன். அதற்குள் கண்டுவிட்டாள்.

"என்ன மீன் வேணும், ரீச்சர்? சொல்லுங்கோ," என்றாள்.