அந்த ஒண்ணு நானுங்க

வர வேண்டியவர் வராவிட்டால்தான் ஓய்வுபெற்றவர் நினைவுக்கு வருவார். ரத்தப் பரிசோதனைக்கூடத்திலேயே காலம் தள்ளிய நான், சத்தியமங்கலம் மலைப் பள்ளியில் அடிக்கடி கடும் வலி தரும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகை பற்றிப் பேசப் போனது அப்படித்தான். பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால், பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்று கரும்பலகையில் கட்டம் போட்டேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரித்தபடி எழுந்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் நாலுல ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. அந்த ஒண்ணு நானுங்க சார். அம்மா இப்ப மாசமா இருக்காங்க. இனிப் பொறக்கற பாப்பாவுக்கு வராதுங்களே?"

"அப்படி இல்லை அம்மணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதல்லிருந்து தொடங்கும். பொறந்ததும் ரத்தம் பாத்துப்போடணும். சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம்."

"அப்ப எனக்கு வந்ததுல யாருக்கும் லாபமில்லீங்களா?"

"இல்லை கண்ணு" என்றேன். "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள்.

மாலையில் கோவை திரும்பி, நான் மட்டும் வாழும் வீட்டின் பூட்டைத் திறந்தேன். நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வலி வந்த போதெல்லாம் அவளுக்குத் துணையிருந்தது, தனக்கு வந்துவிட்டதால் இனிப் பிறப்பவருக்கு வராது என்ற அந்தத் தப்புக் கணக்குதான். இனி அவளும் தனியாகத்தான் தாங்க வேண்டும்.