லீட்ஸில் ஒரு ராஜபாளையத்து ராக்கெட் படை

நான் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் கீத்துக்கு ஐம்பது வயதிருக்கும். காலையில் டிக்கெட் கொடுக்கும்போது முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அதே கீத் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், தரையில் முட்டி போட்டு, மோவாயை மேசை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் உயரமுள்ள ஈயச் சிப்பாய் ஒருவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். இவன் நிற்கும் இடத்திலிருந்து எதிரிக் கிரகத்துப் பூதம் தெரிகிறதா இல்லையா? தெரிந்தால் சுடலாம், தெரியாவிட்டால் கூடாது. எதிரில் ஆடுகிற வங்கிக் குமாஸ்தாவும் முட்டி போட்டுப் பார்த்து, "தோள்பட்டை மட்டும் தெரிகிறது" என்று நேர்மையாகச் சாட்சி சொல்வார். நம் பக்கம் கோலிக்குண்டு ஆடும் பையன்களிடம் பார்த்த அதே ஒற்றைக்கண் பார்வைதான். இவர்களுக்கு வழுக்கை விழுந்திருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஜவுளித் தொழில்நுட்ப மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்த எனக்கு இந்தக் கூடத்தைக் காட்டியது, துணி துவைக்கும் கடையில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். விண்வெளிப் போர் விளையாட்டு, எளிய விதிகள், புதியவர்கள் வரலாம் என்று இருந்தது. வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், "உங்களிடம் படை இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "இல்லை சார், நான் மாணவன். விசா இருக்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டப் போனதும் மெதுவாக என் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளே கூட்டிப்போய், கீத்திடம் ஒப்படைத்தார். கீத் தன் பச்சைச் சட்டைச் சிப்பாய்களில் எட்டுப் பேரை எனக்கு இரவல் கொடுத்தார். டேப் வைத்து ஆறு அங்குலம் நகர வேண்டும், பகடை போட்டுச் சுட வேண்டும், ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரி காலி. அரை மணி நேரத்தில் விதிகள் எல்லாம் புரிந்துவிட்டன.

புரிந்ததெல்லாம் தலைக்குத்தான். கைக்குப் புரியவில்லை. முதல் முறை மூன்று பகடைகளை உருட்டினேன். மூன்றிலும் ஒன்று! "தாயம்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த பூதத்தைக் கீழே போட்டார். அடுத்த ஆட்டமும் எனக்குத்தானே என்று பகடைகளை மறுபடி அள்ளினேன். "ஒன்று விழுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும், நண்பா" என்றார் கீத், இறப்புச் செய்தி சொல்கிற குரலில். நம் ஊரில் ஒன்று விழாமல் காய் கட்டத்துக்குள் பிறக்கவே முடியாது. ஒன்றுக்காக வாய்விட்டு வேண்டிக்கொள்வோம். இங்கே ஒன்றைவிடக் கேவலமான எண் கிடையாது. நான்கு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒன்று விழும்போதெல்லாம் என் முகம் மலர்ந்தது. பிறகுதான் வாடியது. ஒரு முறைகூட நான் ஜெயிக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு விண்வெளிப் போர் இருந்தது என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எண்பதுகளின் நடுவில், இந்தியர் ஒருவர் ரஷ்ய ராக்கெட்டில் போய் வந்த புதிது. ராஜபாளையத்தில் எங்கள் அப்பா ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் மேற்பார்வையாளர். நசுங்கிய, ஓரம் கிழிந்த காகிதக் கோன்களை மில்லில் ஒதுக்கிவிடுவார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். கோன் என்றால், நூல் சுற்றுகிற கூம்பு. நிமிர்த்தி வைத்தால் சாட்சாத் ராக்கெட். எந்த ரக நூல் என்று தெரிவதற்காக நுனியில் சாயம் தோய்த்திருப்பார்கள். பச்சை நுனி ஆறு, சிவப்பு நுனி ஆறு. பச்சை என் அக்கா கோதைக்கு, சிவப்பு எனக்கு. மொட்டை மாடிதான் ஆகாயம். சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணியைச் சுருட்டிப் போட்டால் அது மேகம், அதற்குள் ஒளிந்த கப்பலைச் சுட முடியாது. நகர்வது ஒரு சாண், சுடுவது ஒரு முழம்.

சாண் என்றால் யாருடைய சாண்? முதல் நாளே அடிதடி. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் கப்பல்கள் எக்ஸ்பிரஸ், என்னுடையவை பாசஞ்சர். நான் அழுததும் அவள் ஒரு விதி போட்டாள். ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் எல்லோர் கையையும் ஒட்டிவைத்துப் பார், எது சின்னக் கையோ அதுதான் இரண்டு பக்கத்துக்கும் அளக்கும். அதனால் என் கையே எல்லாவற்றையும் அளந்தது. அளக்கும் அதிகாரம் கிடைத்ததில் நான் தோற்பதைக்கூட மறந்துபோனேன். பக்கத்து மாடியில் மிளகாய் வத்தல் காயப்போடும் ராஜம்மா, வெயிலையும் பார்க்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஆ பச்சதி கொட்டுரா, கொட்டு! ஏலே தம்பி, அக்கான்னு பாக்காதல, போடு!" என்று, பச்சையை அடிக்கச் சொல்லித் தெலுங்கிலும் தமிழிலும் கட்டளையிடுவார். மேற்கே மலையிலிருந்து காற்று ஒரு வீசு வீசினால் இரண்டு படையும் சாயும். "காத்து தள்ளுனாலும் செத்ததுதான். காத்தும் ஒரு எதிரிதாம்ல" என்பாள் அக்கா. யாரோ ஒருவர் நம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே அடுத்தவர் ஆட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது மரியாதையாம். எனக்கு அது முதலில் கோபம் மாதிரி இருந்தது.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, அங்கத்தினர்கள் அவரவர் சொந்தமாகச் செய்த ஆட்டத்தைக் கொண்டுவரலாம் என்று அறிவிப்பு வந்தது. விதிகள் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஆள் சேர்ந்த ஆட்டத்துக்கு அடுத்த பருவத்தில் ஒரு நிரந்தர மேசை. ஒரு மணி நேரத்தில் யாரும் வராவிட்டால் மேசையை மடக்கிவிடுவார்கள். "ஒன்று நல்ல எண்ணாக இருக்கிற ஆட்டத்தைக் கொண்டு வாயேன்" என்றார் கீத். கேலியா அக்கறையா என்று அவர் முகத்தில் படிக்க முடியவில்லை. நான் அதற்குள் மனதில் பந்தயம் கட்டிவிட்டேன். இந்த நாட்டில் என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடுவது அந்தக் கூடத்தில்தான். ஆனாலும் இரவல் படையோடு, விருந்தாளியாக எத்தனை நாள் போவது? என் மேசையில் ஒருவராவது உட்கார்ந்தால் நானும் இந்தக் கூடத்து ஆள். ஒருவரும் உட்காரவில்லையென்றால், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

கோன்கள் அக்காவிடம் இருந்தன. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டபோது சீர்ப் பாத்திரங்களோடு கோன்களையும் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். பெட்டியைத் திறந்த மாமியார், பித்தளைக் குடத்துக்குள் பன்னிரண்டு காகிதக் குழல்களைப் பார்த்து, "இது என்னம்மா, ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டாராம். "இல்ல அத்தை, இது எங்க படை" என்று புதுப்பெண் பதில் சொன்ன கதை, வன்னியம்பட்டி வரை சொந்தக்காரர்களிடம் பரவியது. இப்போது அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன்.

"ஏலே, நெசமாவா சொல்லுத? வயசான ஆளுகளா பொம்மை வச்சு வெளாடுதாங்க?"

"ஆமாக்கா. டேப்பு வச்சு அளந்து வெளாடுதாங்க."

"அங்கன வேலவெட்டி கெடையாதா?"

"சனிக்கிழமை லீவுக்கா."

"லீவுன்னா உங்க அத்தான் குப்புறப் படுத்துத் தூங்குதாரு. அதுக்கு இவிய தேவலப்பா. செரி, இப்ப உனக்கு என்ன வேணும்?"

"நம்ம கோனு. பன்னெண்டும் வேணும். யாரும் என் மேசைக்கு வரலன்னா அம்புட்டுதான்க்கா, நான் அங்க போறத விட்டுருவேன்."

"படிக்கப் போனியா, சண்டைக்குப் போனியாலே?" என்றாள். மூன்று வாரத்தில் பார்சல் வந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பன்னிரண்டு கோன்கள், பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மாற்றி மாற்றி. மேலே பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. உள்ளே, ஒரு கணக்கு நோட்டுத் தாளில், அவளுடைய கையெழுத்தில் விதிகள். சாண், முழம், சின்னக் கை, மேகம், காற்று. ஒன்றும் ஐந்தும் அடி; ஒன்றுக்கு மறு ஆட்டம். அடியில், "இதுக்கு மேல எதுவும் சேத்த, அங்கன வந்து மண்டையில கொட்டுவேன்."

அந்தச் சனிக்கிழமை என் இடப்பக்கத்து மேசையில் எரிமலை இருந்தது. அதன் வாயில் சிவப்பு பல்பு எரிந்தது. வலப்பக்கத்தில் உடைந்து கிடக்கும் விண்கலம், அதைத் தின்னும் பூதங்கள், ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக வண்ணம். நடுவில் என் மேசை. நசுங்கிய காகிதமும் காயத்துக்குக் கட்டும் துணியும். வந்தவர்கள் நின்றார்கள், "இன்ட்ரஸ்டிங்" என்றார்கள், நகர்ந்தார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நாற்பது நிமிடம் போனது. கீத் எரிமலையை விட்டு அசையவில்லை. அக்காவின் விதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதியிருந்த தாளை நேராக வைத்தேன். மறுபடி எடுத்து மறுபடி நேராக வைத்தேன்.

அப்போதுதான் மார்கரெட் வந்தார். கூடத்துக்கு டீ போட்டுக் கொடுக்கும் அம்மாள், அறுபது வயதிருக்கும், ஒரு நாளும் எந்த ஆட்டத்தையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தட்டோடு வந்தவர், குடித்துப் போட்ட காகித கப் என்று நினைத்து என் பச்சைப் படையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். "அய்யோ, இல்லை இல்லை, ராக்கெட்!" என்று அலறினேன். அவர் நின்றார். ஒரு கோனைத் தூக்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பிசிறு இருக்கிறதா என்று பார்க்க அப்பா செய்வதும் அதேதான். "இது ராக்கெட் இல்லை, பையா. கோன். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் கம்பளி மில்லில் மெஷினில் இதைத்தான் மாட்டினேன். நுனி பச்சை என்றால் உங்கள் ஊரில் என்ன நம்பர் நூல்?"

"நாற்பது" என்றேன்.

"எங்களுக்குப் பச்சை வேறு நம்பர்" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைத்து உட்கார்ந்தார். "சரி, ராக்கெட் என்ன செய்யும்?"

டீ வராததால் தேடிக்கொண்டு வந்தது கூட்டம். முதலில் கீத். "மார்கரெட் சண்டை போடுகிறாரா!" என்று குனிந்தார், விதித் தாளைப் படித்தார், எங்கள் கைகளோடு தன் கையையும் ஒட்டிவைத்தார். அது கை இல்லை, மண்வெட்டி. மார்கரெட்டின் கை என் கையைவிட ஒரு விரற்கடை சின்னது. ஆக, அளப்பது அவர். கீத் சிவப்பை எடுத்துக்கொண்டார். தன் கப்பல் மேகத்தை எட்டிவிடும் என்று அவர் அடித்துச் சொன்னபோது, மார்கரெட் சின்னக் கையை நிதானமாக விரித்து, "எட்டவில்லை" என்றார். அடுத்த முறை பச்சைக் கப்பல் சுட்டது. பகடையில் ஒன்று. கீத் பழக்கத்தில், "ஹா, அடைத்துக்கொண்டது!" என்று கைதட்டினார். நான் நாற்காலிமேல் ஏறி, "தாயம்!" என்று கத்தினேன். மார்கரெட் மறுபடி உருட்டினார். மறுபடி ஒன்று. இந்த முறை வங்கிக் குமாஸ்தாவும் சேர்ந்து "டாயம்!" என்றார். யாரும் யார் ஆட்டத்திலும் பேசாத அந்தக் கூடத்தில், "இடதுபக்கக் கப்பலை விடு, மார்கரெட்! அதை அடி, அதை!" என்று ஏழெட்டுக் குரல்கள் எழுந்தன. கடைசிக் கப்பலைக் காப்பாற்ற முட்டி போட்டு ஒற்றைக்கண்ணால் குறி பார்த்த கீத், என் பேண்டேஜ் துணியின் பஞ்சுத் தூசியில் ஒரு தும்மல் போட்டார். சொந்தக் கப்பல் சொந்தத் தும்மலில் சாய்ந்தது. "காற்றும் எதிரி, விதி ஐந்து" என்று மார்கரெட் விரலை வைத்துப் படித்துக் காட்டினார்.

எனக்கு மேசை கிடைத்தது. அடுத்த பருவத்துப் பட்டியலில், எரிமலைக்குக் கீழே, என் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். எழுத்துப் பிழையோடுதான், நான் திருத்தவில்லை. பெருமை தாங்காமல் அக்காவுக்கு நாலு பக்கம் எழுதினேன். பதில் நாலே வரியில் வந்தது. உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன், பிள்ளைகள் உடனே ஆட வேண்டும் என்கிறார்கள், அளக்கச் சின்னக் கைக்கு இங்கே பஞ்சமே இல்லை, கோன்களைத் திருப்பி அனுப்பு. கீத்திடம் சொன்னால் முகம் தொங்கிப்போனது. மார்கரெட் டீ ஊற்றிக்கொண்டே, "பாதிப் பாதி" என்றார். சிவப்பு ஆறும் கூடத்து அலமாரியில், எரிமலைக்குப் பக்கத்தில். அதற்கு எதிரியாகக் கீத் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். பச்சை ஆறும் ஊருக்கு. அதற்கு எதிரியை அக்காவின் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தபால் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெறுபவர்: கோதை, ஸ்ரீவில்லிபுத்தூர். உள்ளே இருப்பது: பழைய காகிதக் கோன் ஆறு. கடைசிக் கட்டத்தில், பார்சலைச் சேர்க்க முடியாவிட்டால் எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பேனா நின்றது. என் விடுதி அறையை ஜூன் மாதம் காலி செய்ய வேண்டும். அடுத்த அறை எங்கே என்று தெரியாது. ராஜபாளையத்து வீட்டு முகவரியை எழுதினால், ஊருக்குப் போன பார்சல் ஊருக்கே திரும்பும். எனக்குப் பின்னால் வரிசை இருமியது. சர்ச் கூடத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். கவுண்டர் பெண் அதைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இங்கேயா குடியிருக்கிறீர்கள்?"

"சனிக்கிழமை மட்டும்" என்றேன்.